கயிற்றுக்கு மேல் ஒரு சாண்

வீட்டுக்குள் வெள்ளம் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், இன்றைக்கும் அரைமணி நேரம் பேசுவேன். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் கட்டிலின் நான்கு காலுக்கும் செங்கல் கொடுத்துவிட வேண்டும். அரிசிப் பானையும் தீப்பெட்டியும் பரணுக்குப் போய்விட வேண்டும். வாசலில் களிமண் வரப்பு போடுவது வீண் வேலை, முதல் மழைக்கே கரைந்துவிடும். கோணிப்பையில் மணலை நிரப்பி, வாயைத் தைத்து, படிக்கு வெளியே இரண்டு வரிசை அடுக்கினால் ஒரு நாளாவது தாங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், உன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒடுக்கமான சந்தை அடைக்காதே என்று சொல்வேன். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் அடைத்தேன்.

நாங்கள் இருந்தது திருவொற்றியூரில், பெரிய ரோட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவில். ரோடு மேடு. கால்வாய் பள்ளம். இரண்டுக்கும் இடையில் ஒரே வரிசையாக ஒன்பது மண்சுவர் வீடுகள். மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் எங்கள் வாசல்கள் வழியாகத்தான் கால்வாய்க்குப் போகும். கால்வாய் நிரம்பிவிட்டால் அதே தண்ணீர் அதே வழியாகத் திரும்பி வரும். போகும்போதும் வரும்போதும் எங்களை விசாரித்துவிட்டுத்தான் போகும். நான் கல்யாணமாகி அங்கே வந்தபோது நாடு விடுதலையாகி ஓராண்டு இரண்டாண்டு இருக்கும். வந்த வருஷமே என் சீர்வரிசைப் பாய் கால்வாயோடு போயிற்று.

என் வீட்டுக்காரர் ரயில்வே எஞ்சின் ஷெட்டில் கலாசி, எடுபிடி வேலை. எங்கள் வரிசையில் அந்த ஷெட்டில் வேலை செய்தவர்கள் நான்கு பேர். எஞ்சினின் வயிற்றைக் கிளறிக் கொட்டும் சாம்பல் அங்கே மலையாகக் கிடக்கும். அதை அள்ளிக்கொண்டு போனால் ஷெட்டுக்காரர்களுக்கும் சந்தோஷம்தான். அதனால் எங்கள் தரை முழுக்க எஞ்சின் சாம்பல். வாசல், கொல்லை, வீட்டுக்குள் சாணம் மெழுகும் தரைக்கு அடியில், எங்கும் அதுதான். செருப்பில்லாமல் நடந்தால் கரிக்கட்டி குத்தும். எங்கள் வரிசைப் பெண்களின் பாதத்தை வைத்தே எங்கள் ஊரைச் சொல்லிவிடலாம் என்று கேலி பேசுவார்கள்.

ஆனால் சாம்பலை அவரவர் இஷ்டத்துக்குக் கொட்ட முடியாது. அதற்கு ஒரு முறை இருந்தது. வைகாசியில் தரை நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிறு கட்டுவார்கள். முதல் வீட்டில் ஒரு கொத்தனார் இருந்தார். அவர் தன் வாசலில் ஒரு முளையும் கடைசி வீட்டு வாசலில் ஒரு முளையும் அடித்து, நடுவில் நூல்கயிறு இழுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து முடிச்சுப் போடுவார். அந்த வருஷம் எல்லா வாசலும் அந்தக் கயிறு வரை உயரும். அதற்கு மேல் யாரும் ஒரு கூடைகூடக் கொட்டக் கூடாது. ஒருவன் உயர்த்தினால் அடுத்தவன் முழுகுவான் என்பதை அந்த வரிசை எப்போதோ பட்டுத் தெரிந்துகொண்டிருந்தது. "வந்தா எல்லார் வூட்டுக்கும் வர்ட்டும், வராங்காட்டி யாருக்கும் வர வாணாம்" என்பார் கொத்தனார். கோயில் காரியம் மாதிரி அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சாம்பல் பரப்புவோம். மத்தியானம் ஒரே அடுப்பில் சமையல்.

எங்களுடையது எட்டாவது வீடு. ஒன்பதாவது, கடைசி வீடு, அக்காவுடையது. கூடப் பிறந்தவள் இல்லை. அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர்கள் வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் அக்கா கயிறு கட்டும் வேலையில் கலந்துகொள்வாள். வந்த பிறகு மற்ற எல்லோரையும்விட இரண்டு கூடை அதிகமாகச் சுமப்பாள். அவள் வீட்டுக்காரர் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர், வாயைத் திறக்காத மனுஷன். அக்கா வீட்டில் இருந்தபடியே கிழிந்த கோணிப்பைகளைத் தைத்துக் கொடுப்பாள். வீடு பூராவும் கோணி அடுக்கியிருக்கும். உள்ளே போனாலே தும்மல் வரும். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்கு ஒரு சந்து. வரிசைத் தண்ணீரெல்லாம் வாசல் வழியாக ஓடிவந்து அந்தச் சந்தில் இறங்கித்தான் கொல்லைக்கும், கொல்லையிலிருந்து கால்வாய்க்கும் போகும். ஆவணி முடிவதற்குள் அந்தச் சந்தைச் சுத்தம் செய்வது என் வேலையும் அக்காவின் வேலையும். அவள் மண்வெட்டியால் வழித்துப் போட, நான் கூடையில் அள்ளுவேன். என் முதல் பெண் நடக்கத் தொடங்கியது அந்தச் சந்தில்தான். இரண்டு பக்கமும் சுவர் இருந்ததால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள வசதி. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனால் அங்கே அக்கா உட்கார்ந்திருப்பாள்.

குழந்தை பாதி நாள் அந்த வீட்டில்தான். கோணி அடுக்கின்மேல் ஏறிப் படுத்துத் தூங்கும். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. என் மேல் சாய்வதைவிட அக்கா மேல் சாய்வதில் அதற்கு ஒரு சுகம் இருந்தது, அக்கா என்னைவிடப் பருமன். "உன் எலும்பு குத்துதாம், அதான் என்கிட்ட வருது" என்று அக்கா சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

அடுத்த கார்த்திகையில் பெரிய வெள்ளம். கயிற்று மட்டத்துக்கு மேல் முழங்கால் உயரம் ஏறி, ஒன்பது வீட்டிலும் புகுந்து, வாரக் கணக்கில் நின்றது. யார் வீட்டுக்கும் குறைவில்லை, யார் வீட்டுக்கும் அதிகமில்லை. தண்ணீர் வடிந்த அன்றைக்கு ரோட்டுக் குழாயில் மறுபடி தண்ணீர் விட்டார்கள். விறகெல்லாம் ஈரம். காலையில் குழந்தை தாகம் என்று அழுதது. காய்ச்ச வழியில்லாமல் குழாய்த் தண்ணீரை அப்படியே ஒரு டம்ளர் கொடுத்தேன். மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனபோது அவளும் தன் பானையிலிருந்து மொண்டு கொடுத்தாள். என் கண்ணெதிரே கொடுத்தாள். சாயங்காலம் வாந்தியும் பேதியும் தொடங்கின. மறுநாள் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. காலரா ஊசி போடுகிறவர்கள் அதற்கு அடுத்த நாள் ரோட்டில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். நானும் வரிசையில் நின்று போட்டுக்கொண்டேன்.

அந்தக் காலையையும் அந்த மத்தியானத்தையும் நான் எத்தனையோ தடவை எடை போட்டுப் பார்த்திருக்கிறேன். எந்தத் தண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவேளை இரண்டுமே இல்லாமல் தரையில் கிடந்த எதையாவது எடுத்து வாயில் போட்டிருக்கலாம். ஆனால் பெற்றவளுக்கு யார் மேலாவது கோபித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் காலையை மறந்துவிட்டேன், மத்தியானத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வீட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டேன். அவள் வந்தால் பதில் சொல்வேன். ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரரிடம் ஒருமுறை, "அவ பானையில தண்ணி குடிச்சதுதான்" என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்பிடிலாம் பேசாத" என்றார். காலையில் நான் கொடுத்ததை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

மறுபடி எனக்கு வயிற்றில் தங்கியது. கணக்குப் பார்த்தால் சரியாக மழைக்காலத்தில்தான் பிரசவம் வரும். அது தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இந்தக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரக் கூடாது. தூக்கத்திலும் வாசற்படியைத் தடவிப் பார்ப்பதுபோல் கனவு வரும். வைகாசியில் வழக்கம்போல் கயிறு கட்டினார்கள். போன வருஷம் அவ்வளவு தண்ணீர் வந்தும் நான்கு விரல் உயரம்தான் ஏற்றினார்கள், அதற்கு மேல் ஏற்ற எல்லோராலும் முடியாது. எனக்கு அந்தக் கயிற்றைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. இவர்கள் எல்லோரும் சேர்ந்து முழுகுவதற்காக என் பிள்ளையும் முழுக வேண்டுமா என்று தோன்றியது.

ஆவணியில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "கயித்துக்கு மேல ஒரு சாண் ஏத்துங்க. வாசலு, கொல்ல, சந்து எல்லாம்."

"சந்தா? சந்த அடச்சா தண்ணி எப்டி போவும்?"

"சாம்பல் குடிச்சிடும்."

இதை எனக்குச் சொன்னவரே அவர்தான். ஷெட்டில் வேலை செய்கிற எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். எஞ்சினிலிருந்து விழும் சூட்டுச் சாம்பல்மேல் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றுவார்களாம். புஸ்ஸென்று ஒரு சத்தம், அடுத்த நிமிஷம் ஊற்றின இடமே தெரியாமல் காய்ந்து கிடக்குமாம். தினமும் அதைப் பார்க்கிறவர்களுக்கு, சாம்பல் எவ்வளவு தண்ணீரையும் குடித்துவிடும் என்பதில் சந்தேகமே இல்லை. குடித்தது சூடுதான், சாம்பல் அல்ல என்று யாரும் யோசிக்கவில்லை.

அவர் ரொம்ப மென்மையான மனுஷர். முதல் குழந்தை போனதிலிருந்து நான் கேட்டதற்கு மறுப்புச் சொன்னதில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒற்றை மாட்டு வண்டி வைத்துச் சாம்பல் அடித்தார். வாசல் உயர்ந்தது, வாசற்படியும் உள்தரையும் உயர்ந்தன, கொல்லை உயர்ந்தது. கடைசியில் சந்து. அக்காவின் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் ஏறி நின்றது. நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நின்று, அதைக் காலாலேயே மிதித்து இறுக்கினேன்.

கொத்தனார் வந்தார். என்னோடு பேசாமல் என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "இன்னா நைனா, கயிறு கட்னது எதுக்கு?"

நான்தான் பேசினேன்.

"கயித்த உங்க வாசல்ல கட்டிக்கோங்க. போன வருஷம் கயித்துப்படிதான இருந்தோம்? என் புள்ளய எவன் திருப்பிக் குட்த்தான்?"

வாயும் வயிறுமாக இருக்கிற ஒருத்தி, பிள்ளையைப் பறிகொடுத்தவள், இப்படிக் கேட்டால் எந்த ஆம்பிளை பதில் சொல்வான்? எனக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டேன். கொத்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அக்கா மட்டும் அன்று மத்தியானம் வந்தாள். சந்தின் முனையில் நின்று சாம்பலைப் பார்த்தாள், தன் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் போன வருஷத்து மத்தியானப் பானைத் தண்ணீரை எடுத்து முகத்தில் வீசத் தயாராக வைத்திருந்தேன். அவள், "மிதிக்கிறேன்னு நின்னுக்கினு கீறியே, வயித்த புடிச்சிக்கப் போவுது, உள்ள போயி குந்து" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவே இல்லை. இரண்டாம் நாள் காலையிலேயே வாசலில் தண்ணீர். நான் கதவோரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் படிக்கு ஒரு விரல் கீழே வந்தது, நின்றது. ஏறவில்லை. பொய் சொல்லக் கூடாது, எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று வயிற்றைத் தடவிக்கொண்டேன். பிறகுதான் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேன். மேட்டில் முட்டி, ஒதுங்கி, ஏழு வீட்டுத் தண்ணீரும் சேர்ந்து என் வாசலைச் சுற்றிக்கொண்டு நேராக அக்கா வீட்டு வாசலுக்குள் ஓடியது. கதவு திறந்திருந்தது. உள்ளே அக்கா முழங்காலளவு தண்ணீரில் நின்று கோணிக் கட்டுகளைப் பரணுக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கேட்டாள்: "உன் வூட்டுக்கு வர்லியே?"

"இல்லக்கா."

"தேவல" என்றாள்.

நான்காம் நாள் மழை விட்டுவிட்டுப் பெய்தது. என் வீட்டுக்காரர் ஷெட்டுக்குப் போயிருந்தார். மத்தியானத்துக்கு முன்னால் எனக்கு வலி எடுத்தது. மருத்துவச்சிக் கிழவி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். சத்தம் போட்டுக் கூப்பிட எனக்கு ஒரே ஒரு ஆள்தான் பக்கத்தில். கூப்பிட்டேன். அக்கா அந்தத் தண்ணீரில் ரோடு வரை நடந்துபோய், கிழவியைத் தோளைப் பிடித்து நடத்தி, பாதி தூரம் தூக்கியே கொண்டுவந்து சேர்த்தாள். என் வாசற்படியில் நின்று தன் புடவையை முறுக்கிப் பிழிந்தாள், காலை ஒன்றின்மேல் ஒன்று தேய்த்துத் துடைத்தாள். "உள்ள வாக்கா, சீக்கிரம்" என்று நான் கத்தினேன். "இருடீ, தர நனஞ்சிடும்" என்றாள். என் தரை நனையக் கூடாது என்று அவள் நினைத்ததை இத்தனை வருஷத்தில் ஒரு மழைக்குக்கூட என்னால் மறக்க முடிந்ததில்லை.

பெண் குழந்தை. அக்காதான் முதலில் வாங்கினாள். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். அது யார் ஜாடை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. அன்றைக்கு அவளும் அவள் வீட்டுக்காரரும் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். அந்த வரிசையில் தரை காய்ந்திருந்த ஒரே வீடு எங்களுடையது. மற்ற வீட்டுக்காரர்களும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ந்த வீட்டில் எல்லோரும் சமைத்துக்கொள்வது எங்கள் வழக்கம், அதை யாரும் மீறவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வெயில் அடித்தது. தண்ணீர் மெதுவாக வடிந்தது. அக்கா தன் வீட்டைப் பெருக்கப் புறப்பட்டாள். நான், "குளந்தைக்குத் தண்ணி ஊத்திட்டுப் போக்கா" என்று நிறுத்தினேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு ஊற்றினாள். துடைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே லாரியிலிருந்து மூட்டையைத் தள்ளியதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான், பெரிய சத்தம்கூட இல்லை. அக்கா வீட்டின் சந்துப் பக்கத்துச் சுவர் அடியிலிருந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. சுவர் போனதும் கூரை. கூரை போனதும் பரண். பரண்மேல் இருந்த கோணி எல்லாம் சேற்றில்.

ஆட்கள் கூடினார்கள். கொத்தனார் சந்துக்குள் இறங்கி, அங்கே கிடந்த சாம்பலை ஒரு கை அள்ளிப் பிழிந்தார். துணியைப் பிழிந்ததுபோல் தண்ணீர் சொட்டியது. ஊரெல்லாம் வடிந்தும் அது மட்டும் வடியவில்லை. அத்தனை நாளும் அக்காவின் மண்சுவரோடு ஒட்டிக்கொண்டு அதைக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"குட்ச்சத வெச்சிக்கினு கீது" என்றார் கொத்தனார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கையை உதறிவிட்டு மேலே ஏறினார்.

அக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்து பார்த்தாள். "நல்லவேள, உள்ள ஆளு இல்ல" என்றாள்.

என் வீட்டுக்காரர் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாளாகச் சந்துச் சாம்பல் முழுவதையும் வெட்டி எடுத்தார். யாரும் உதவிக்கு வரவில்லை, அவரும் கூப்பிடவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் போவதையும் வருவதையும் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி உள்ளிருந்து பார்த்தேன். எங்கள் வாசல் மட்டும் அப்படியே உயர்ந்து நின்றது.

வீடுகளை வாடகைக்கு விட்டிருந்த இடத்துக்காரர் வீட்டைக் கட்டித்தர முடியாது என்றுவிட்டார். அவர்களாகக் கட்டிக்கொள்ளவும் வழியில்லை. வியாசர்பாடியில் அக்கா வீட்டுக்காரரின் அண்ணன் இருந்தார், அங்கே போவதென்று முடிவாயிற்று. அதுவரை எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அந்த நாட்களில் குழந்தையை நான் தூக்கியதே குறைவு, எப்போதும் அக்கா மடியில்தான். என்னிடம் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அது போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. அக்கா ஒரு தடவையாவது என்னைத் திட்டட்டும் என்று தினமும் எதிர்பார்த்தேன். அவள் ரசம் வைத்துக் கொடுத்தாள், வயிற்றுக்குத் துணி கட்டிவிட்டாள், தலைக்குச் சாம்பிராணி போட்டாள்.

புறப்படுகிற அன்று வண்டியில் சாமான் ஏற்றினார்கள். ஏற்ற என்ன இருந்தது? நாலு பாத்திரம், ஒரு மாதா படம், காய்ந்து விறைத்துப்போன கொஞ்சம் கோணி. அக்கா கடைசியாகக் குழந்தையைப் பார்க்க உள்ளே வந்தாள். நான் கேட்டே விட்டேன்.

"சந்த அடச்சப்போ ஏன்க்கா ஒண்ணும் சொல்லாத போன?"

அவள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னான்னு சொல்றது. எனுக்கு வாயி எங்க கீது? பெரியவளுக்கு அன்னிக்கி பானத் தண்ணிய காச்சாம குட்த்தவ நானு. நீ பாத்துக்கினுதான் இருந்த. அப்பால நீ எங்கூட்டுக்கு வர்றத வுட்டுட்ட. எதுக்குன்னு எனுக்குத் தெரியாதா? நீ சந்த அடச்சப்போ, செரி, இதுனாலயாவது இவ மனசு ஆறட்டும்னு வுட்டுட்டேன்."

அழாமல் சொன்னாள். ஒரு வருஷமாக அதோடு குடித்தனம் நடத்தியவளின் குரலில் சொன்னாள்.

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அன்றைக்குக் காலையில் நானும்தான் காய்ச்சாமல் கொடுத்தேன் அக்கா. அவ்வளவுதான். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? அவள் வீடு திரும்பி வந்திருக்காது. ஆனால் அவள் மனசிலிருந்து ஒரு பிணத்தை இறக்கி, பாதியையாவது என் தலையில் வைத்துக்கொண்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். அவர் காதில் விழும் என்று பயந்தேன். எனக்கே அது கேட்டுவிடும் என்றும் பயந்தேன்.

"வண்டிக்காரன் கூப்பிடறான்க்கா" என்றேன்.

அவன் கூப்பிடவில்லை. அக்கா சரியென்று எழுந்து, குழந்தையை என் மடியில் வைத்து, தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள்.

வியாசர்பாடி என்ன காசி ராமேஸ்வரமா? நினைத்திருந்தால் மறு வாரமே போய்ச் சொல்லியிருக்கலாம். மழை முடியட்டும், குழந்தைக்குத் தலை நிற்கட்டும், பல் முளைக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். என் பெண்ணுக்கு நான்கு வயதானபோதுதான் ஒரு நாள் துணிந்து அவளையும் கூட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டு அந்தத் தெருவைக் கண்டுபிடித்தேன். அண்ணன் பெண்சாதி உட்காரச் சொன்னாள். அக்கா போன தை மாதம் காய்ச்சலில் போய்விட்டாள் என்றாள். அவள் வீட்டுக்காரர் எண்ணூர்ப் பக்கம் போய்விட்டாராம்.

என் பெண் தண்ணீர் கேட்டது. அந்த அம்மாள் டம்ளரில் மொண்டு கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "தங்கமான பொம்பள. எங்கூட்டு அஞ்சு புள்ளைங்களையும் அவதான் வளத்தா. சோறு ஊட்டுவா, குளிப்பாட்டுவா, கக்கத்துலயே வெச்சிக்கினு இருப்பா. ஆனா ஒண்ணு, புள்ளைங்க தண்ணி கேட்டா மட்டும் குடுக்க மாட்டா. என்னக் கூப்புடுவா. நான் எங்க இருந்தாலும் வந்துதான் குடுக்கணும். இன்னாத்துக்குன்னு எத்தினியோ வாட்டி கேட்டேன், சாவுற வரைக்கும் சொல்லல."